மதுரை மாவட்டத்துக்குப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி: திட்டமிடலுக்கும் முதலீட்டுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு மாவட்டத்துக்குச் சூரிய மின்சாரத் திட்டம் வகுக்க உட்காரும்போது பெரும்பாலும் இரண்டு தாள்கள்தான் முதலில் மேசைக்கு வருகின்றன. ஒன்று, இத்தனை ஆண்டுக்குள் இத்தனை மெகாவாட் என்ற இலக்கு. மற்றொன்று, வருவாய்த் துறைப் பதிவேட்டில் தரிசு என்று குறிக்கப்பட்ட நிலங்களின் வரைபடம். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்து, காலியாகத் தெரிகிற இடத்தில் ஒரு பூங்காவை வரைந்துவிட்டால் திட்டம் முடிந்துவிட்டதாகத் தோன்றும். பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்தின் கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் எழுந்தபிறகு, எல்லா மாவட்டத்துக்கும் அதுவே முன்மாதிரி என்ற எண்ணமும் பரவியிருக்கிறது. மதுரையின் நிலமும் பாசனமும் மக்கள் நெருக்கமும் வேறு. சுமார் 3,700 சதுர கிலோமீட்டர் பரப்பில் 2011 கணக்கெடுப்பின்படியே 30 லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் மாவட்டம் இது. இங்கே திட்டத்தின் அடிப்படை அலகு துணை மின்நிலையமாக இருக்கவேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் நிலைப்பாடு. எந்தத் துணை மின்நிலையத்தின்கீழ் எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்பதிலிருந்து தொடங்கினால், எங்கே, எவ்வளவு, யாருடைய பணத்தில் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை அங்கிருந்தே வரத் தொடங்கும்.

முதல் படி: மாவட்டத்தின் கையில் எது இருக்கிறது என்று வரையறுத்தல்

மின்கட்டணத்தையும் கொள்முதல் விலையையும் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் தீர்மானிக்கிறது. மின்சாரத்தை வீட்டுக்கும் வயலுக்கும் கொண்டுசேர்ப்பது, 2024-இல் நடந்த மறுசீரமைப்புக்குப் பிறகு, தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்தின் பொறுப்பு. புதுப்பிக்கத்தக்க எரிசக்தியைக் கவனிப்பது தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகம். ஆகவே விலையை நிர்ணயிக்கும் அதிகாரமோ மின்சாரத்தை வாங்கும் அதிகாரமோ மாவட்ட நிர்வாகத்துக்கு இல்லை. ஆனால் நிலம், அரசுக் கட்டடங்களின் கூரை, உள்ளாட்சி அமைப்புகளின் மின்செலவு, துறைகளை ஒரே மேசையில் உட்காரவைக்கும் வாய்ப்பு ஆகிய நான்கும் அதன் கையில் இருக்கின்றன. இந்த நான்குக்குள் நின்று எழுதப்படும் திட்டமே நடைமுறைக்கு வரும். மாநில அரசு செய்யவேண்டியதை மாவட்டத் திட்டத்தில் எழுதிவைத்தால் அது கோரிக்கை மனுவாகத்தான் முடியும்.

மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஒரு சிறிய பணிக்குழு போதும். மதுரை, மதுரை பெருநகர் ஆகிய இரு மின் பகிர்மான வட்டங்களின் மேற்பார்வைப் பொறியாளர்கள், வேளாண்மைப் பொறியியல் துறை, ஊரக வளர்ச்சித் துறை, மாநகராட்சி, மாவட்ட வன அலுவலர், மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கியின் மேலாளர் ஆகியோர் அதில் கட்டாயம் இருக்கவேண்டும். மாவட்டத் திட்டக்குழு அரசியலமைப்பின் வழி வந்த அமைப்பு என்பதால், பணிக்குழு தயாரிக்கும் வரைவை அதன் ஒப்புதலுக்கு வைப்பது நல்லது. அப்போதுதான் ஆட்சியர் மாறினாலும் திட்டம் நிற்கும். கணக்குப் போடவும் அளவெடுக்கவும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் எரிசக்தித் துறையையும் திருப்பரங்குன்றத்தில் உள்ள தியாகராசர் பொறியியல் கல்லூரியையும் அணுகலாம்.

இரண்டாம் படி: துணை மின்நிலைய வாரியான கணக்கேடு

மொத்த வேலையில் அதிக உழைப்பைக் கேட்பது இதுதான். இதைக் குறைவாகச் செய்துவிட்டு மற்றவற்றை எவ்வளவு சிறப்பாகச் செய்தாலும் பயனில்லை. மாவட்டத்தின் ஒவ்வொரு துணை மின்நிலையத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கவேண்டும். அதில் மின்மாற்றிகளின் திறன், அங்கிருந்து புறப்படும் ஒவ்வொரு 11 கிலோவோல்ட் ஃபீடரின் (ஊர்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் மின்தொடரின்) பெயர், அது எந்தெந்த ஊர்களுக்குப் போகிறது, அதில் எத்தனை விவசாய இணைப்புகள், எத்தனை வீடுகள், எத்தனை உயர் அழுத்த இணைப்புகள், ஏற்கெனவே இணைந்துள்ள சூரிய மின்நிலையங்கள், ஒப்புதலுக்குக் காத்திருக்கும் விண்ணப்பங்கள் ஆகியவை இடம்பெறவேண்டும். இவற்றோடு, ஓராண்டு முழுவதற்குமான மணிவாரிச் சுமைப் பதிவையும் வாங்கவேண்டும். துணை மின்நிலையப் பதிவேட்டில் இயக்குபவர்கள் ஒவ்வொரு மணிக்கும் சுமையைக் குறித்துவைக்கிறார்கள். அதைக் கணினியில் ஏற்றுவதற்குச் சில மாணவர்களின் சில வார உழைப்பே தேவை.

இந்தப் பதிவிலிருந்து எடுக்கவேண்டிய மிக முக்கியமான எண், பகல்நேரக் குறைந்தபட்சச் சுமை. உச்சச் சுமையைத்தான் எல்லோரும் கேட்பார்கள். சூரிய மின்சாரத்துக்குத் தேவைப்படுவது அதற்கு நேர்மாறானது. ஒரு துணை மின்நிலையத்தின்கீழ், காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3 மணிவரை, ஆண்டின் மிகக் குறைந்த நாளில்கூட 3 மெகாவாட் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே 3 மெகாவாட்டுக்குள் சூரிய மின்நிலையம் அமைத்தால், உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டும் அந்தச் சுற்றுவட்டாரத்துக்குள்ளேயே செலவாகிவிடும். கம்பி இழப்பு குறையும், மின்மாற்றியின் பாரமும் குறையும், புதிய மின்தொடர் எதுவும் போடவேண்டியதில்லை. அந்த அளவைத் தாண்டினால் மின்சாரம் எதிர்த்திசையில் மேல்நோக்கிப் பாயும். அதற்குத் தனிப் பாதுகாப்பு ஏற்பாடுகளும் மின்னழுத்தக் கட்டுப்பாடும் தேவைப்படும், செலவும் கூடும்.

மதுரையில் அந்தக் குறைந்தபட்ச நாள் எப்போது வரும் என்பதைப் பாசனம்தான் சொல்கிறது. பெரியாறு பிரதான கால்வாயின் இருபோகப் பாசனப் பகுதியில் முதல் போகத்துக்கு 45,041 ஏக்கருக்கும், ஒருபோகப் பகுதியில் மேலூர் பக்கத்தில் 85,563 ஏக்கருக்கும், திருமங்கலம் பிரதான கால்வாயின்கீழ் 19,439 ஏக்கருக்கும் தண்ணீர் திறப்பது வழக்கம். கால்வாயில் தண்ணீர் ஓடும் மாதங்களில் வாடிப்பட்டி, அலங்காநல்லூர், மேலூர் பகுதிகளில் கிணற்று மோட்டார்கள் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். உசிலம்பட்டி, சேடப்பட்டி, தே. கல்லுப்பட்டி வட்டாரங்களிலோ கிணற்றில் தண்ணீர் இருக்கும்வரை மோட்டார் ஓடும். தைப்பொங்கலை ஒட்டிய நாட்களை எடுத்துக்கொள்ளுங்கள்: கப்பலூர் தொழிற்பேட்டையில் ஆலைகள் விடுமுறையில் இருக்கும், மேலூர்ப் பக்கம் மோட்டார்கள் நின்றிருக்கும், மின்விசிறிகூட அதிகம் சுழலாத குளிர், ஆனால் மழைக்காலம் முடிந்து வானம் தெளிந்து வெயில் நன்றாக அடிக்கும். உற்பத்தி கூடுதலாகவும் தேவை குறைவாகவும் இருக்கும் இந்த நாட்களின் எண்ணைக்கொண்டே ஒவ்வொரு துணை மின்நிலையத்தின் முதற்கட்ட உச்சவரம்பை நிர்ணயிக்கவேண்டும். சித்திரை மாதத்துச் சுமையை வைத்து நிர்ணயித்தால், தை மாதத்தில் உற்பத்தியை நிறுத்திவைக்க நேரிடும்; நிறுத்திவைக்கும் ஒவ்வொரு மணியும் முதலீட்டாளரின் நட்டம்.

மூன்றாம் படி: இயற்கை தரும் அளவைக் கணித்தல்

சூரிய ஒளியைப் பொறுத்தவரை மாவட்டத்துக்குள் பெரிய வேறுபாடு இல்லை. ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 5 யூனிட்டுக்குச் சற்று மேல் கிடைக்கிறது. ஒரு கிலோவாட் பேனல் ஆண்டுச் சராசரியில் நாளுக்கு 4 யூனிட் தரும் என்பது பாதுகாப்பான கணக்கு. அக்டோபர் முதல் டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழையால் இது குறையும். பேனலின் மேல் சேரும் தூசி, கோடையின் கடும் வெப்பம் ஆகிய இரண்டும் உற்பத்தியைக் குறைப்பவை. வெயில் அதிகமாக இருக்கும் மாதத்தில் உற்பத்தியும் அதே அளவுக்கு அதிகமாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது, ஏனென்றால் பேனலின் சூடு ஏற ஏற அதன் திறன் இறங்கும். ஆண்டுக்கு அரை விழுக்காட்டுக்குச் சற்று மேல் திறன் தேய்வதையும் 25 ஆண்டுக் கணக்கில் சேர்க்கவேண்டும்.

காற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத்தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியே பாயும் இடங்களான ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம் ஆகியவற்றை ஒட்டியே தமிழ்நாட்டின் காற்றாலைகள் பெருகின. மதுரை மாவட்டம் அந்தப் பாதைகளின் நேர்க்கோட்டில் இல்லை. தேனி எல்லையை ஒட்டிய மேற்குப் பகுதிகளில் மட்டும், சென்னையில் உள்ள தேசிய காற்றாற்றல் நிறுவனத்தின் வரைபடத்தைப் பார்த்து, ஓராண்டாவது காற்றை அளக்கும் கம்பம் நட்டு அளந்தபிறகு முடிவெடுக்கலாம். அதுவரை மாவட்டத் திட்டத்தின் எண்ணிக்கையில் காற்றைச் சேர்க்காமல் விடுவதே நேர்மையானது. மாவட்டத்தின் தொழிற்சாலைகள் வேறு மாவட்டத்துக் காற்றாலைகளில் பங்கு வாங்கலாம். மே முதல் செப்டம்பர்வரை வீசும் காற்றும் ஆண்டின் பிற்பகுதியில் குறையும் வெயிலும் ஒன்றையொன்று ஓரளவு ஈடுசெய்யும்.

சக்கை, விறகு, கழிவு போன்ற உயிர்மப் பொருளிலிருந்து மின்சாரமோ எரிவாயுவோ எடுப்பதில் எச்சரிக்கை தேவை. அலங்காநல்லூர் தேசிய கூட்டுறவு சர்க்கரை ஆலையில் பல ஆண்டுகளாக அரவை நடக்காதது, கரும்பு இல்லாமல், அதன் சக்கையை எரித்து ஆலையிலேயே செய்யும் இணை மின்னுற்பத்தி இல்லை என்பதைக் கண்முன் காட்டுகிறது. சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வழங்கிய உத்தரவுகளுக்குப் பிறகு, அந்த விறகை நம்பி 20 ஆண்டு நிலையம் அமைப்பது இரட்டைச் சிக்கல்: அகற்றுதல் வெற்றி பெற்றால் எரிபொருள் இல்லை, எரிபொருள் வேண்டுமென்றால் அகற்றுதல் நடக்கக் கூடாது. மாட்டுத்தாவணிச் சந்தைகளின் காய்கறி, பூக் கழிவுகளிலிருந்து எரிவாயு எடுப்பது சிறிய அளவில் உறுதியான வாய்ப்பு. கழிவு தினமும் ஒரே இடத்தில் சேர்கிறது, பிரித்தெடுக்கும் செலவும் குறைவு.

நான்காம் படி: நிலத்தைத் தேடும் முன் விலக்கவேண்டியதை விலக்குதல்

ஒரு மெகாவாட்டுக்குச் சுமார் 4 முதல் 5 ஏக்கர் தேவை. ஒவ்வொரு துணை மின்நிலையத்தையும் மையமாக வைத்து 5 கிலோமீட்டர் வட்டம் வரைந்து, அதற்குள் மட்டும் தேடவேண்டும்; அதற்கு மேல் போனால் கம்பிச் செலவும் வழியுரிமைத் தகராறும் லாபத்தைத் தின்றுவிடும். அந்த வட்டத்துக்குள் முதலில் எவையெல்லாம் தொடக் கூடாதவை என்று அடித்துவிட்டுத்தான் மிச்சத்தைப் பார்க்கவேண்டும்.

அழகர்மலை உள்ளிட்ட காப்புக்காடுகள், ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்த சாப்டூர் மலைப்பகுதி, 2022-இல் 193.42 ஹெக்டேர் பரப்புக்குப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி – மீனாட்சிபுரம், கீழக்குயில்குடி சமணமலை போன்ற தொல்லியல் குன்றுகளும் அவற்றின் சுற்றுப்புறமும் முதல் அடுக்கு. அரிட்டாபட்டி வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து மக்கள் திரண்டதும், 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானதும் அண்மை வரலாறு. ஊரைக் கேட்காமல் வரைபடத்தில் கட்டம் போடும் எந்தத் திட்டமும், அது பசுமைத் திட்டமாகவே இருந்தாலும், மேலூர் மண்ணில் நிற்காது.

இரண்டாம் அடுக்கு கண்மாய்கள். கண்மாய் நீரில் மிதக்கும் பேனல் என்ற யோசனை கவர்ச்சியாகத் தோன்றலாம். நம் கண்மாய்களில் பெரும்பாலானவை கோடையில் வற்றுபவை. மீன்பாசிக் குத்தகை, வண்டல் எடுப்பு, பறவைகளின் வருகை, ஆயக்கட்டு உரிமை என்று ஒவ்வொன்றிலும் பல பேரின் வாழ்வு பின்னிக் கிடக்கிறது. அவற்றை விட்டுவிடுவோம். கால்வாயின் கரைச் சரிவுகளும், மாநகராட்சியின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குள் இருக்கும் இடமும், வெள்ளைக்கல் குப்பைக் கிடங்கில் சீரமைத்து மீட்கப்படும் நிலமும் இதைவிடப் பொருத்தமானவை.

மூன்றாம் அடுக்கைத்தான் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள்: பதிவேட்டில் தரிசு, உண்மையில் மேய்ச்சல் நிலம். மதுரை, சிவகங்கை வட்டாரத்தின் புலிக்குளம் மாடுகள் கிடை போட்டு வளர்க்கப்படுபவை. செம்மறி ஆட்டுக் கிடைகளும் அறுவடைக்குப் பின் ஊர் ஊராக நகர்கின்றன. கிடைக்காரர்களிடம் பட்டா இருக்காது; கிராம நிர்வாக அலுவலரின் ஏட்டில் அவர்கள் பெயர் இருக்காது. ஆனால் கம்பிவேலி போட்ட மறுநாள் அவர்களுக்கு வழி அடைபட்டுவிடும். ஆகவே நிலத் தேர்வின்போது ஒரு கோடைப் பருவம், ஒரு அறுவடைப் பருவம் இரண்டிலும் நேரில் போய்ப் பார்த்து, மாட்டுத்தடங்களையும் தண்ணீர் குடிக்கும் இடங்களையும் வரைபடத்தில் குறிக்கவேண்டும். இது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. ஜல்லிக்கட்டுக்காக உலகத்தையே திரும்பிப் பார்க்கவைத்த ஒரு மாவட்டம், அந்தக் காளைகளின் தாய்மாடுகள் மேயும் நிலத்தைக் காலி இடம் என்று எழுதக் கூடாது.

சட்டச் சிக்கல் உள்ள நிலங்களையும் இங்கேயே களைந்துவிடவேண்டும். பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தை அச்சமூகத்தைச் சேராதவர் பெயருக்கு மாற்ற முடியாது. அதன்மேல் வரும் ஒப்பந்தம் நீதிமன்றத்தில் நிற்காது. கோயில் நிலம் என்றால், 5 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு அறநிலையத் துறை ஆணையரின் ஒப்புதல் வேண்டும். தனியார் நிலத்துக்குப் பட்டா, அடங்கல், புலப்பட வரைபடம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று ஆகிய நான்கையும் ஒன்றோடொன்று ஒப்பிடவேண்டும். பட்டாவில் ஒரு பெயரும் அனுபவத்தில் வேறு பெயரும் இருந்தால், வட்டாட்சியர் முன்னிலையில் தீர்ந்தபிறகே அடுத்த படி.

மிஞ்சும் நிலத்தில் மண்ணையும் பார்க்கவேண்டும். திருமங்கலம், பேரையூர்ப் பக்கத்துக் கரிசல் மழையில் உப்பி, வெயிலில் பிளக்கும். தாங்கிகளின் அடித்தளத்தை ஆழமாகப் போடவேண்டியிருப்பதால் செலவு கூடும். மேலூர், கொட்டாம்பட்டிப் பகுதிகளில் செம்மண்ணும் பாறையும். பேனலுக்கு அடியில் பயிர் செய்யும் முறையை முயலும்போது பயிரைத் தேர்ந்தெடுக்கவேண்டும்: மதுரை மல்லி முழு வெயிலில் பூக்கும் செடி, நிழலில் பூ குறையும், கீரையும் தீவனப்புல்லும் நிழலைத் தாங்கும்.

ஐந்தாம் படி: தேவைக்கேற்ற வடிவத்தை ஒதுக்குதல்

கணக்கேட்டின் ஒவ்வொரு பக்கமும் இப்போது ஒரு கதையைச் சொல்லும். நகரத்துப் பக்கங்களில் வீட்டுக் கூரை முதலிடம் பெறும். வீட்டுக் கூரைச் சூரிய மின்சாரத்துக்கான மத்திய அரசின் பி.எம். சூர்யா கர் திட்டம் 2024-இல் தொடங்கியது. முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும், ஆக அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம் தருகிறது. அடுக்குமாடிச் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். ஆனால் எல்லா வீட்டுக்கும் இது ஒரே பலனைத் தராது. தமிழ்நாட்டில் இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த படிகளிலும் விலை குறைவு. 3 கிலோவாட் அமைப்பு இரு மாதத்தில் சுமார் 720 யூனிட் தரும். 200 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு அது தேவையே இல்லை. 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்கு, உயர்ந்த விலைப் படியிலுள்ள யூனிட்டுகள் முதலில் வெட்டப்படுவதால், போட்ட பணம் விரைவில் திரும்பும். எனவே மின்கட்டணப் பட்டியலிலிருந்து 500 யூனிட்டுக்கு மேற்பட்ட இணைப்புகளைத் தெருவாரியாகப் பிரித்து, முகாம்களை அங்கே நடத்தவேண்டும். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிய வீதிகளில் கட்டட உயரக் கட்டுப்பாடு இருப்பதால், உயர்த்திய தாங்கிகளுக்கு முன்கூட்டியே தெளிவு பெறவேண்டும். இன்னொன்றையும் மக்களிடம் வெளிப்படையாகச் சொல்லவேண்டும்: பேட்டரி இல்லாத கூரை அமைப்பு, மின்தடையின்போது பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும்.

கப்பலூர், கே. புதூர் தொழிற்பேட்டைகளில் நிலைமை வேறு. உயர் அழுத்தத் தொழிற்சாலைகள் யூனிட்டுக்கு 7 ரூபாய்க்கு மேல் கொடுக்கின்றன. சொந்தக் கூரையில் உற்பத்தி செய்து அங்கேயே செலவிடுவது அவர்களுக்கு மிக மலிவான வழி. கூரை போதாத சிறு ஆலைகள் பல ஒன்றுசேர்ந்து வெளியே ஒரு நிலையம் அமைக்கலாம். 2005 மின்சார விதிகளின்படி அதில் அவர்கள் 26 விழுக்காடு பங்கு வைத்து, உற்பத்தியில் 51 விழுக்காட்டைத் தாங்களே பயன்படுத்தினால் அது சொந்தப் பயன்பாட்டு நிலையமாகக் கருதப்படும். 100 கிலோவாட் ஒப்பந்தச் சுமை உள்ளவர்களும் வெளியிலிருந்து பசுமை மின்சாரம் பெற 2022 விதிகள் வழி திறந்துவிட்டன. கம்பி வாடகை முதலிய கட்டணங்களைக் கழித்தபிறகு என்ன மிஞ்சுகிறது என்பதைப் பார்த்தே கையெழுத்திடவேண்டும்.

கிராமப்புறப் பக்கங்களில்தான் மாவட்டத்தின் உண்மையான வாய்ப்பு இருக்கிறது. 1990 முதல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். அதன் செலவை அரசு மானியமாகச் சுமக்கிறது. அந்த மோட்டார்கள் பகலில் ஓடினால் போதும். ஆகவே விவசாய ஃபீடருக்குப் பக்கத்திலேயே 1 அல்லது 2 மெகாவாட் நிலையம் அமைத்து, பகலில் தடையில்லா மும்முனை மின்சாரம் கொடுத்தால், இரவில் பாம்புக்கும் பன்றிக்கும் அஞ்சி டார்ச்சோடு மோட்டார் போடப் போகும் துன்பம் விவசாயிக்கு ஒழியும். அரசின் சுமையும் குறையும். மகாராஷ்டிரம் 2017 முதல் இந்த வழியைப் பின்பற்றி வருகிறது. மின் இணைப்புக்கு நெடுங்காலம் காத்திருக்கும் விவசாயிகளுக்கு, வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் மானியத்தில் தனிச் சூரிய பம்புசெட் தரலாம். ஆனால் நிலத்தடி நீர் இறங்கிவரும் வட்டாரங்களில், பகல் முழுவதும் செலவின்றி ஓடும் பம்பு கிணற்றை விரைவில் வறளச் செய்துவிடும். அங்கே தனி பம்புசெட்டோடு சொட்டுநீர்ப் பாசனத்தையும் நிபந்தனையாக்கவேண்டும்.

மாவட்டத்தின் 420 ஊராட்சிகளுக்கும் மின்கட்டணம் ஒரு தீராத பாரம். மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எந்த நேரத்திலும் ஓடலாம் என்பதால், அதை நண்பகலுக்கு மாற்றி, தொட்டியின் அருகிலேயே பேனல் வைக்கலாம். தெருவிளக்குக்கு அந்த வசதி இல்லை. கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஓடந்துறை ஊராட்சி, 2006-இல் 1.55 கோடி ரூபாயில், பெரும்பகுதி வங்கிக் கடனில், 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கி, தன் தேவை போக மிஞ்சியதை விற்று வருமானம் ஈட்டியது. ஓர் ஊராட்சி முதலீட்டாளராக நிற்க முடியும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே இருக்கும் சான்று இது.

ஆறாம் படி: பணக் கணக்கு

திட்டத்தின் எல்லா வடிவங்களுக்கும் தனித்தனி வரவுசெலவு போடவேண்டும். முறையைக் காட்ட, விவசாய ஃபீடருக்கான ஒரு மெகாவாட் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் எடுத்துக்காட்டுக்காக மட்டுமே. செலவு 4.5 கோடி ரூபாய்; ஆண்டு உற்பத்தி 16 லட்சம் யூனிட்; விற்பனை விலை யூனிட்டுக்கு 3.50 ரூபாய் என்றால் வருமானம் 56 லட்சம். பராமரிப்பு, காப்பீடு, நிலக் குத்தகை, காவல் ஆகியவற்றுக்கு 8 லட்சம் போனால் மிச்சம் 48 லட்சம். முதலீட்டில் 70 விழுக்காட்டை, அதாவது 3.15 கோடியை, 9.5 விழுக்காடு வட்டியில் 12 ஆண்டுக் கடனாக வாங்கினால் ஆண்டுத் தவணை சுமார் 45 லட்சம். மிச்சத்துக்கும் தவணைக்கும் இடையே மூன்று லட்சம்தான் இடைவெளி. ஒரு மழை அதிகமான ஆண்டு அதைக் கரைத்துவிடும். எந்த வங்கியும் இதற்குக் கடன் தராது, தரவும் கூடாது.

இதே நிலையத்துக்கு, விவசாயத்தில் சூரிய மின்சாரத்துக்கான மத்திய அரசின் பி.எம். குசும் திட்டத்தின் ஃபீடர் பிரிவில் வகுக்கப்பட்ட மெகாவாட்டுக்கு 1.05 கோடி ரூபாய் மத்திய நிதியுதவி கிடைத்தால், முதலீடு 3.45 கோடியாகிறது; கடன் சுமார் 2.4 கோடி, தவணை 35 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. இப்போது செலவு போன மிச்சம் தவணையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு, வங்கி துணிந்து முன்வரும். ஒரே வெயில், ஒரே நிலம், ஒரே விலை; நிதி அமைப்பு மாறியதில் திட்டம் பிழைக்கிறது. ஆகவே உதவித் திட்டம் விண்ணப்பிக்கும் நாளில் நடைமுறையில் இருக்கிறதா, காலக்கெடு என்ன என்பவற்றை உறுதிசெய்துகொள்ளாமல் டெண்டர் விடக் கூடாது.

இதற்குப் பிறகு, எதிர்பாராதவற்றை ஒவ்வொன்றாகச் செலுத்திப் பார்க்கவேண்டும். உற்பத்தி 10 விழுக்காடு குறைந்தால் என்ன ஆகும்? வட்டி ஒரு புள்ளி ஏறினால்? பேனலின் மின்சாரத்தைக் கம்பிக்கு ஏற்றதாக மாற்றும் இன்வெர்ட்டரைப் பத்தாம் ஆண்டு வாக்கில் மாற்ற நேர்ந்தால்? மின் கொள்முதல் தொகை ஆறு மாதம் தாமதித்தால்? கடைசிக் கேள்வி தமிழ்நாட்டில் கற்பனையானதன்று. காற்றாலை உரிமையாளர்களுக்கான தொகை பல மாதங்கள் நிலுவையில் நின்ற காலம் உண்டு. தாமதத்துக்குக் கூடுதல் கட்டணம் விதிக்கும் 2022-ஆம் ஆண்டு விதிகள் நிலைமையைச் சீராக்க வந்தவை. இருந்தாலும் ஆறு மாதத் தவணையைக் கையிருப்பாக வைப்பதை நிபந்தனையாக்குவதே விவேகம்.

முதலீட்டாளர் யார் என்பதில் மாவட்டம் தன் விருப்பத்தை வெளிப்படையாகச் சொல்லலாம். பெரிய நிறுவனம் விரைவாகக் கட்டும். ஆனால் லாபம் மாவட்டத்தை விட்டுப் போய்விடும். ஒரு மெகாவாட், இரண்டு மெகாவாட் அளவில், விவசாயிகள் கூட்டுச் சேர்ந்தோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கமோ உரிமையாளராக இருக்க முடியும். மதுரை மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியும் நபார்டு வங்கியும் இதற்கென ஒரு பொதுக் கடன் வடிவத்தை முன்கூட்டியே வகுத்துவிட்டால், ஒவ்வொரு குழுவும் புதிதாகக் கதவைத் தட்டவேண்டியதில்லை. நிலம் கொடுப்பவருக்கு ஒரே தொகையாகப் பணம் கொடுத்து எழுதி வாங்குவதைவிட, ஆண்டுதோறும் உயரும் குத்தகையே நல்லது. 25 ஆண்டில் தங்கத்தின் விலையும் கூலியும் எங்கே போகும் என்பதை நிலத்துக்காரர் நன்றாகவே அறிவார்.

ஏழாம் படி: வரிசையும் ஒப்பந்தமும் கண்காணிப்பும்

வேலையை மூன்று கட்டமாகப் பிரிக்கலாம். முதல் ஆண்டில் கணக்கேடு, விலக்கு வரைபடம், அரசுக் கட்டடக் கூரைகள், குடிநீர் மோட்டார்கள். இவை நிலப் பிரச்சினை இல்லாதவை என்பதால் உடனே தொடங்கலாம். அடுத்த இரண்டு ஆண்டுகளில், பகல்நேரச் சுமை உயர்ந்துள்ள ஐந்தாறு துணை மின்நிலையங்களில் மட்டும் ஃபீடர் நிலையங்கள். அவற்றின் ஓராண்டு உற்பத்தியையும் இழப்பையும் பார்த்தபிறகே மற்றவை. மாலை ஆறு மணிக்குப் பிந்தைய தேவைக்குப் பேட்டரிச் சேமிப்பு வேண்டியிருக்கும். விலை இறங்கிவருவதால் அதை மூன்றாம் கட்டத்துக்கு விடலாம். ஆனால் அதற்கான இடத்தைத் துணை மின்நிலைய வளாகத்தில் இப்போதே ஒதுக்கிவைக்கவேண்டும்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. நிலத் தேர்வு ஒரு கூட்டத்திலும், குத்தகை நிபந்தனைகள் அடுத்த கூட்டத்திலும் என்று இரண்டு முறையாவது வைக்கவேண்டும். தீர்மானத்தைத் தமிழில், எண்களோடு, ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டவேண்டும். ஒப்பந்தத்தில் உள்ளூர் வேலைவாய்ப்பு, பேனல் கழுவும் நீரின் மூலம், மாட்டுத்தடத்துக்கு விடும் வழி, குறைந்தபட்ச உற்பத்தி உறுதி, அது தவறினால் இழப்பீடு ஆகியவை தனித்தனிப் பிரிவுகளாக இருக்கவேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் மின்பணியாளர் படிப்பு முடித்த இளைஞர்களுக்கு இந்த நிலையங்களில் பயிற்சி தர ஏற்பாடு செய்தால், இன்வெர்ட்டர் பழுதுக்கு வெளியூரிலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்கவேண்டியிராது.

கண்காணிப்புக்கு ஒரே ஒரு பட்டியல் போதும்: துணை மின்நிலைய வாரியாக, மாதந்தோறும், உற்பத்தியான யூனிட், உள்ளூரில் செலவான யூனிட், நிறுத்திவைக்கப்பட்ட மணி, வரவேண்டிய தொகை, வந்த தொகை. அமைத்த மெகாவாட்டை மட்டும் கொண்டாடுவதால்தான், பழுதாகி நிற்கும் பேனல்கள் பள்ளிக் கூரைகளிலும் தெருவிளக்குக் கம்பங்களிலும் யாரும் பாராமல் கிடக்கின்றன. இந்தப் பட்டியலை மாவட்ட இணையதளத்தில் வெளியிட்டு, ஆண்டுக்கொருமுறை ஒவ்வொரு துணை மின்நிலையத்தின் உச்சவரம்பையும் புதிய சுமைப் பதிவின்படி திருத்தவேண்டும்.

கடைசியாக, ஆயுள் முடிந்த பேனல்களுக்கான ஏற்பாடு. 2022-இல் வகுக்கப்பட்டு 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளுக்குள் சூரியத் தகடுகளும் வருகின்றன. 25-ஆம் ஆண்டில் தகடுகளை அகற்றி, அடித்தளத்தைத் தோண்டியெடுத்து, நிலத்தை உழவுக்கேற்ற நிலையில் ஒப்படைக்கும் செலவுக்கென, முதல் ஆண்டிலிருந்தே வருமானத்தில் ஒரு சிறு பங்கைத் தனி வங்கிக் கணக்கில் சேர்க்கவேண்டும். அந்தக் கணக்கு, நிலத்துக்காரரும் ஊராட்சியும் கையொப்பமிட்டாலன்றிப் பணம் எடுக்க முடியாத கூட்டுக் கணக்காக இருக்கவேண்டும்.